கார்டில் எழுதாதே

பம்பாய்
3-3-1974

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சாலமோன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீ, அம்மா, மச்சான் மூவரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாளா, இல்லை பாட்டிலை மாடத்தில் வைத்து அழகு பார்க்கிறாளா?

இங்கே ஓட்டல் பாண்டில் எனக்கு நிரந்தரமாக இடம் கிடைத்துவிட்டது. இதுவரை யாராவது வராத நாளில்தான் கூப்பிட்டார்கள். இனிமேல் தினமும் நான்தான் பேஸ் கிதார், தடித் தந்தி போட்ட கிதார். தலைவர் டிமெல்லோ கோவாக்காரர். "எங்கேயப்பா படித்தாய்?" என்று கேட்டார். மாபலிபுரத்தில் கடற்கரை ஓட்டலில் ரூம் பாயாக இருந்தேன், ஊருக்குத் திரும்பிய ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் விட்டுப்போன கிதாரில் நானே தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை. பிறகு வாசித்துக் காட்டினேன், நம்பினார்.

இப்போது பாடவும் விடுகிறார்கள். சோல் என்று ஒரு வகைப் பாட்டு இருக்கிறது அக்கா. அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் கோயிலில் பாடுகிற பாட்டும் ஆட்டப் பாட்டும் கலந்து பிறந்தது. சோல் என்றால் ஆத்துமா. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு நம் தெருச் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. நம் சபைப் பாட்டு, பறைக் கொட்டு, இந்த சோல் மூன்றையும் சேர்த்து நான் ஏதோ செய்து பார்க்கிறேன். டிமெல்லோவுக்குப் பிடித்திருக்கிறது. சொந்தமாக ஒரு பாட்டு கொண்டுவா, ரெக்கார்டு போட ஆள் இருக்கிறது என்கிறார்.

அதனால் ஒரு உதவி. நம் ஊர் கடம்பாடியில் அம்மா தன்னைப் பெற்றவள் செத்தபோது பாடினாளே, "ஏரி நெறஞ்சிருக்கே" என்று, அதில் முதல் வரிதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதியை அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்பு. எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்று சொல்லிவிடு.

அம்மாவுக்கு என் முத்தம். மச்சானுக்கு வணக்கம்.

உன் தம்பி,
சாலமோன்


செங்கல்பட்டு
17-3-1974

பிரியமுள்ள தம்பி சாலமோனுக்கு, அக்கா சந்திரம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

அம்மா நலம், மற்ற யாவரும் சுகம். பாட்டு எழுத இடம் வேண்டுமே, அதனால் இந்த முறை கார்டு இல்லை, கவர். அம்மா தைலம் தேய்க்கிறாள், ஆனால் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் காலுக்கு. கேட்டால், "அது வாயில்லாத ஜீவன்டி" என்கிறாள். மச்சானுக்கு ராத்திரி டூட்டி மாறிவிட்டது. ஜங்ஷனில் பகலில் கொடியாட்டுகிறார், ராத்திரி வீட்டில் குறட்டை. எனக்கு ஆஸ்பத்திரியில் அதே சீட்டு எழுதும் வேலைதான்.

பாண்டில் உன் பெயரை 'சால்' என்று போட்டிருக்கிறார்களாமே, முன்னே ஒரு கடுதாசியில் எழுதியிருந்தாய். நல்ல பெயர்! இந்த ஊரில் தண்ணி நிரப்பி வைக்கிற பெரிய பானையைத்தான் சால் என்போம். உன் வயிறும் அப்படித்தானே இருந்தது.

சோல் என்றால் ஆத்துமா என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆத்துமாவுக்குப் பாடறதா? அப்போ எந்தொழிலுதான் அவனும் பண்றான்" என்று சாவு வீட்டில் பாடுகிறவளுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கெல்லாம் கண்ணில் பட்டவரிடம் எல்லாம் சொன்னாள்.

பாட்டைக் கேட்டேன். "வூட்டுக்குள்ள குந்திகினு ஒப்பாரி பாடுவாங்களாடி? வூட்டுக்கு ஆவுமா?" என்று அதட்டினாள். அப்புறம் அவளே முந்தானையை உதறிக்கொண்டு, "வா, ஏரிக்கரைக்குப் போலாம். எம்புள்ள கேட்டுகினு கீது" என்று கிளம்பிவிட்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ! கொளவாய் ஏரிக்கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துப் பாடினாள். மார்பில் தட்டிக்கொண்டே பாடினாள். கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் யார் செத்தது என்று எழுந்து வந்துவிட்டார்கள். "யாரும் இல்லம்மா, எம்மவன் பம்பாய்ல கேட்டான்" என்று அவர்களிடமும் பெருமை.

ஏரி நெறஞ்சிருக்கே, எட்டு மதகும் தொறந்திருக்கே,
என்னப் பெத்த அம்மா, உன் கண்ணு தொறக்கலியே.
நாத்து நட்ட கையி, நாலு பேரு தூக்கையிலே,
சேத்து மண்ணு காயலியே, செவப்பு இன்னும் போவலியே.

எதற்கு என்று கேட்டாள். நீ சொல்லிக் கொடுத்தபடி சும்மா என்று சொல்லியிருக்கிறேன். எனக்காவது நிஜத்தைச் சொல்லேன்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா சொல்லச் சொன்னது.

சந்திரம்மா


பம்பாய்
2-6-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே.

ரெக்கார்டு முடிந்தது! ஒரு பக்கம் இங்கிலீஷ் பாட்டு. மறு பக்கம் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், "ஏரி நெறஞ்சிருக்கே". பாட்டுக்கு அடியில் பேஸ் எப்படிப் போவது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அப்புறம் நீ எழுதியது நினைவு வந்தது, மார்பில் தட்டிக்கொண்டே பாடினாள் என்று. சாவு வீட்டில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பார்களே, இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு அடி. அதை அப்படியே கட்டை விரலால் தடித் தந்தியில் அடித்தேன். அறையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். இப்படி ஒரு அடியை எங்கிருந்து பிடித்தாய் என்று டிமெல்லோ என்னைக் கட்டிக்கொண்டார். ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆச்சு, அழுகைக்கு அழுகையும் ஆச்சு என்கிறார்.

ஒரு சின்ன விஷயம். இனிமேல் எனக்குக் கார்டில் எழுதாதே. இன்லண்டு கவரில் எழுதி ஒட்டி அனுப்பு. ஓட்டல் விலாசமும் வேண்டாம். தாராவியில் எல்லப்பன் இட்லிக் கடை மேற்பார்வை என்று போடு. ஓட்டலில் கார்டெல்லாம் தொலைந்து போகிறது. தவிர இங்கே டிரம்ஸ் வாசிக்கிற தனக்கோடி சேலத்துக்காரன், தமிழ் படிப்பான். அடுத்தவர் கார்டை எடுத்து உரக்கப் படித்துச் சிரிப்பது அவனுக்கு வாடிக்கை.

மச்சானுக்கு வணக்கம்.

சாலமோன்


செங்கல்பட்டு
16-6-1974

தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுதுவதைக் கவனி. போன கடிதத்தில் அக்காவுக்கு அன்பும் மச்சானுக்கு வணக்கமும் வந்தது. நடுவில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நான் படித்து முடித்ததும், "என்னைக் கேக்கலியா?" என்றாள். கேட்டிருக்கிறான், முழங்கால் வலி எப்படி என்று கேட்டிருக்கிறான் என்று நானே சேர்த்துப் படித்தேன். இனிமேல் எனக்கு இந்த வேலை வைக்காதே.

இன்லண்டு விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு ஒப்பவில்லை. "மூடி ஒட்டிட்டா நான் சொன்னத நீ எழுதினியா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்கிறாள். திறந்திருந்தால் மட்டும் இவளுக்குப் படிக்கத் தெரியுமாக்கும்! கார்டில்தான் 'அம்மா நலம்' என்று நான் எழுதுகிற இடத்தை அவள் அடையாளம் கண்டு வைத்திருக்கிறாள். முதல் வரியில், இடது பக்கம். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தபால் பெட்டியில் போடச் சொல்வாள். சரி, உனக்குத் தொலைகிறது என்றால் இன்லண்டிலேயே எழுதுகிறேன்.

ரெக்கார்டு முடிந்துவிட்டது என்கிறாய். எங்களுக்கு ஒன்று அனுப்பக்கூடாதா? தட்டு போடுகிற பெட்டி இல்லாவிட்டால் என்ன, கையில் வைத்துப் பார்ப்போமே. மச்சான் ஒரு பழைய ரேடியோ வாங்கி வந்திருக்கிறார், கரண்ட் இருக்கும் நேரத்தில் அது கரகர என்கிறது, கரண்ட் போனால் அமைதியாக இருக்கிறது. பெரியம்மா ஆதியம்மாள் கடம்பாடியிலிருந்து கருவாடு கொடுத்தனுப்பினாள். உனக்கென்று பாதியை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். வந்து தின்றால் சரி.

சந்திரம்மா


பம்பாய்
28-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

டெல்லி, கல்கத்தா எல்லாம் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். காலேஜ் பிள்ளைகள் பைத்தியமாக இருக்கிறார்கள். பாஷை புரியாமலே "எரி நெரஞ்சிர்க்கே" என்று கூடவே கத்துகிறார்கள். ஒரு பத்திரிகையில் என் போட்டோ போட்டார்கள். இது சர்ச்சா, டான்ஸா, சாவா என்று தெரியவில்லை, ஆனால் காலைத் தரையில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ரெக்கார்டு அனுப்ப இப்போது கைவசம் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ரேடியோவில் போடுவார்கள் என்று சொல்கிறார்கள். கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

வேறு விசேஷம் இல்லை. எல்லோருக்கும் என் அன்பு.

சாலமோன்


செங்கல்பட்டு
20-8-1974

தம்பி சாலமோனுக்கு,

அம்மா நலம். முதலில் இதைப் படித்துக்கொள். மற்றதைப் பிறகு படி.

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் உன் பாட்டு வந்ததாம். இங்கே கரண்ட் இல்லை, நாங்கள் கேட்கவில்லை. கடம்பாடியில் டீக்கடை ரேடியோவில் வந்திருக்கிறது. பெரியம்மாவின் மகன் கங்காதரன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தானாம். உன் குரல் என்று உடனே கண்டுபிடித்துவிட்டான். உன் குரலில் "என்னப் பெத்த அம்மா, உன் கண்ணு தொறக்கலியே." அதுவும் எந்தப் பாட்டு? நம் அம்மா செங்கம்மாள் கட்டிய பாட்டு. அது போதாதென்று பாட்டு முடிந்ததும், பாடகர் மறைந்த தம் தாயாரின் நினைவாக இதைப் பாடியிருக்கிறார் என்று ரேடியோக்காரர் வேறு சொல்லியிருக்கிறார். கங்காதரன் டம்ளரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறான். "பெரிய எடம் ஆயிட்டான்ல, ஆளு விட்டு சாவு சொல்லாம ரேடியோவுல சொல்லிட்டான்" என்று ஊரே நம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கினார்கள். பெரியம்மா, அவள் மருமகள் பார்வதம், இன்னும் தெருப் பெண்கள் எல்லாரும். கையில் மாலை, கோடிப் புடவை. முறைப்படி நம் தெரு முனையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா பின்பக்கம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒப்பாரிச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம். "ஐயோ, யாரு பூட்டாங்களோ தெரியலியே" என்று மீன் கையோடு எழுந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஓடிப்போய் பெரியம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு குந்திவிட்டாள். குந்தியதோடு விட்டாளா? அவர்கள் எடுத்த வரிக்கு இவள் அடுத்த வரி பாடுகிறாள்! தனக்கே பாடுகிறாள், சாலமோன். நான் வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். மூன்று சுற்று பாடிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, "யாருக்கா பூட்டாங்கோ?" என்று கேட்டாள். பெரியம்மா அழுதுகொண்டே, "நீதான்டி" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அலறினாள் பார், ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பார்வதம் ரேடியோக்காரர் சொன்னதைச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "இன்னா மொறைக்கிறீங்கோ? உசுரோட கீறவங்கள செத்துட்டாங்கன்னு சொன்னா ஆயுசு கெட்டின்னு தெரியாதா? எம்மவன் எனக்கு நூறு வயசு வாங்கிக் குடுத்துகிறான். ரேடியோவுல சொன்னா எரநூறு" என்றாள். எல்லோருக்கும் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள்.

சாவுக்கென்று கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதே. பெரியம்மா விழித்தாள். அம்மா வாங்கி மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

ரேடியோக்காரர் சொன்னதை அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

சந்திரம்மா


பம்பாய்
10-9-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. பெரியம்மா வீட்டார் அலைந்ததற்கு வருந்துகிறேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

அது ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் செய்த வேலை அக்கா. அப்படிப் போட்டால்தான் சனங்கள் உருகுவார்கள், தட்டு விலை போகும் என்று அவர்களாக எழுதிக்கொள்கிறார்கள். நான் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்தது. ஆயுசு கெட்டி என்று சொன்னது ரொம்ப சரி. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். அதற்காகத்தான் பாடினான் என்றே சொல்லுங்கள்.

கிறிஸ்மசுக்கு வரப் பார்க்கிறேன். நிச்சயம் சொல்ல முடியாது. மாபலிபுரத்தில் ஒரு கச்சேரி பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது வேண்டாம் என்று நான்தான் தட்டிக்கொண்டு வருகிறேன்.

தயவுசெய்து ஓட்டலுக்கு மட்டும் எழுதிவிடாதே.

சாலமோன்


செங்கல்பட்டு
29-9-1974

சாலமோனுக்கு,

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை ஒருவர் உன் ரெக்கார்டை வைத்திருக்கிறார். ஓ.பி. சீட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அட்டையில் உன் போட்டோ இருந்தது. அவர் திரும்பி வந்ததும், பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது, சொல்லுங்கள் சார் என்றேன். வாசித்துத் தமிழில் சொன்னார்.

நீ சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவனாம். மிஷன் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் உன்னை வளர்த்தாராம். பியானோவில் படித்தாயாம். "ஏரி நெறஞ்சிருக்கே" நீ கனவில் கேட்ட பாட்டாம். இதையெல்லாம் நீயே உன் வாயால் சொன்னதாகப் போட்டிருக்கிறது.

அப்பா ஏசுபாதம் போனது உண்மை. அவர் ஏர் ஓட்டின கூலிக்காரர். மிஷன் பங்களாவுக்கு நாம் போனது தென்னை ஓலை பொறுக்க.

இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று அந்தப் பிள்ளை கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியாது என்றேன். நான் சொன்னதை நினைத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கூசியது. உனக்கு அங்கே கூசவே இல்லையா?

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சந்திரம்மா


செங்கல்பட்டு
12-12-1974

சாலமோனுக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியாது.

பெரியம்மா ஆதியம்மாள் போய்விட்டாள். மார்வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடம்பாடியிலிருந்து ஆள் வந்து சொன்னான். அம்மா அவனிடம், "நெஜமாதான? ரேடியோவுல கேட்டு சொல்லலியே?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம்தான் அழுதாள்.

ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கோடியை எடுத்துக்கொண்டாள். "எனக்குன்னு அவ வாங்கினாந்தது. நானே அவளுக்குப் போத்தறேன்" என்றாள். போர்த்தினாள்.

பிறகு குந்தி, தோளைக் கட்டிக்கொண்டு எடுத்தாள். கூடப் பிறந்தவளுக்கு வேறு பாட்டு உண்டு. ஆனால் பெரியம்மாதான் தூக்கி வளர்த்தவள், அம்மா ஸ்தானம். அதனால் "ஏரி நெறஞ்சிருக்கே" என்று எடுத்தாள். முதல் வரி முடியவில்லை. வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்த இளவட்டங்களில் ஒருவன் டும் டும் என்று வாயால் கொட்டு போட்டான். இன்னொருவன் விசிலடித்தான். அவர்கள் கேலி செய்யவில்லை, சாலமோன். ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகிப் போய்த் தங்களையறியாமல் வந்துவிட்டது. உள்ளே இருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். கங்காதரன் எழுந்து வந்து, "இன்னா சின்னம்மா நீ, சாவு வூட்ல வந்து ரேடியோப் பாட்டு பாடிகினு? எங்கம்மாவுக்கு வேற எதுனா பாடேன்" என்றான்.

அவளுடைய பாட்டை அவளிடமே ரேடியோப் பாட்டு என்றான். என்னுது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் பேச்சு எழும். எழுந்தால் ரேடியோக்காரர் சொன்ன பேச்சும் எழும். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மாரடிப்பை விடவில்லை. பாட்டே இல்லாமல், இரண்டு அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி. மற்ற பெண்களும் அப்படியே சேர்ந்துகொண்டார்கள். பெரியம்மாவை எடுக்கும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பாடவில்லை. கொட்டுச் சத்தம் மட்டும்தான்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள், "ஏண்டி, அவன் அங்க நான் செத்துட்டேன்னா சொல்லிகினு கீறான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"கோடி வந்த அன்னிக்கே தெரியும். திட்டாத அவன. எம்மேல வெக்கம் அவனுக்கு. சாவு வூட்ல பாடறவளோட புள்ளன்னு சொன்னா யாரு மதிப்பாங்கோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று உனக்கும் தெரியட்டும். வேலையில் சேர்ந்த அன்றைக்கு நர்சம்மா என்னையும் கேட்டார், உன் அம்மா என்ன செய்கிறாள் என்று. வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். இன்றுவரைக்கும் அதையே சொல்கிறேன். நான் அவளைச் சாகடிக்கவில்லை, வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். உனக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் இரண்டு சாவுக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லிப் போகவில்லை.

சந்திரம்மா


பம்பாய்
2-1-1975

அக்கா,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? முழங்கால் வலி நிஜமாகவே இருக்கிறதா?

உனக்குப் பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். இங்கே சேர்ந்த புதிதில் எல்லோரும் அவரவர் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒருவனுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஒருவனுடைய அம்மா பியானோ வாசிப்பாள். என்னைக் கேட்டார்கள். அப்பா இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அம்மாவும் கூடச் சேர்ந்து வந்துவிட்டாள். எல்லோரும் என் தோளில் கை வைத்தார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அப்புறம் பங்களா, பாதிரியார், பியானோ எல்லாம் தானாக வந்தது.

தினமும் டிமெல்லோ மைக்கில் சொல்கிறார், மறைந்த தாயாருக்காக என்று. எதிரே இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைக்கிறார்கள். அக்கா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைச் சொல்ல வெட்கப்பட்டேன், இப்போது என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை டிமெல்லோவின் அறை வரைக்கும் போனேன். கதவைத் தட்டாமல் திரும்பினேன். நான் கோழை. இதையும் நீங்கள்தான் எனக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு கார்டு போடு. இன்லண்டு வேண்டாம். ஓட்டல் விலாசத்துக்கே போடு, பெரிய எழுத்தில். பாண்டுக்காரர்களுக்கு வரும் கார்டையெல்லாம் வாசல் பலகையில் செருகி வைப்பார்கள். தனக்கோடி கட்டாயம் எடுப்பான், உரக்கப் படிப்பான். வேறொன்றும் எழுத வேண்டாம். முதல் வரியில், இடது பக்கம், அம்மா நலம் என்று எழுது. போதும்.

அம்மா சம்மதித்தால்.

சாலமோன்


(அஞ்சல் அட்டை)

செங்கல்பட்டு
9-1-1975

அம்மா நலம்.

எம்மவன் சாலமோனுக்கு அம்மா செங்கம்மா சொல்றது. சொல்லச் சொல்ல உங்கக்கா எழுதறா. ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு சொல்லிகிறேன்.

இதப் படிக்கிற தனக்கோடி ஐயா, நல்லா கீறியா? சத்தமா படி ஐயா. நான் இவனப் பெத்தவ. உசுரோட கீறேன். சாவு வூட்ல பாடறவ. இந்தப் பக்கம் கடம்பாடி, பையனூரு, திருக்கயுக்குன்னம், எங்க சாவுன்னாலும் என்னத்தான் கூப்புடுவாங்கோ. இவன் பாடற பாட்டு நான் எங்கம்மாவுக்குக் கட்டினது. இவன் கெட்டவன் இல்ல. கொஞ்சம் வெக்கப்படற புள்ள. அடிக்காதீங்கோ.

நைனா சாலமோனு, கருவாடு இன்னும் கீது, வந்து துன்னு. பாட்டு உங்கிட்டயே இருக்கட்டும். இனிமே எனக்கு அது ஆவாது. நான் நெஜமா போற அன்னிக்கு வந்துடு. வந்து வாயத் தொறக்காத. எனக்குத்தான் பாடிட்டியே. பக்கத்துல குந்திகினு கொட்டு மட்டும் போடு. அது போதும்.

கார்டுல எடம் இல்லன்றா. வேளைக்குச் சாப்புடு.